நினைத்துப் பார்க்கும் பழக்கம்

நம் எல்லோர் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஒரு பெயரோ, ஒரு கணக்கோ, ஒரு பாட்டின் அடுத்த அடியோ தேவைப்பட்டால், ஒரு தலைமுறைக்கு முன்புவரை மனிதர்கள் முதலில் மனத்துக்குள் தேடினார்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்கள். அதற்கும் பிறகுதான் புத்தகம். இன்று கை நேராகச் செல்பேசிக்குப் போகிறது. ஏழெட்டுச் சாமான்களின் விலையைத் துண்டுத் தாளில் எழுதி, உதடு அசையக் கூட்டிச் சொன்ன மளிகைக் கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டுகிறார். மார்கழி விடியலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் ஒரு கையில் கோலமாவும் மறு கையில் படம் திறந்த செல்பேசியுமாக வாசலில் குனிகிறார்கள். கணவனுக்கு மனைவியின் எண் தெரியாது. பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எண் தெரியாது. பலமுறை போய்வந்த ஊருக்கும் வரைபடம் வழி சொன்னால்தான் வண்டி திரும்புகிறது. இவற்றில் எதையும் தனியாக எடுத்துப் பெரிய இழப்பு என்று சொல்லிவிட முடியாது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஒரு பழக்கமே நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது: தேடிப் பார்க்கும் முன் நினைத்துப் பார்க்கும் பழக்கம்.

மறதியைக் குறைசொல்ல நான் வரவில்லை. மனித மனம் மறக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு யாராலும் வாழ முடியாது. என் கவலை வேறு. ஒரு செய்தியை உள்ளிருந்து எடுப்பதற்கு மனம் செய்யும் அந்தச் சிறு முயற்சிதான் அந்தச் செய்தியை நமக்குச் சொந்தமாக்குகிறது. நாம் யோசிப்பதெல்லாம் அப்படிச் சொந்தமானவற்றைக் கொண்டுதான். அந்த முயற்சி முழுவதையும் கருவியிடம் விட்டுவிட்டால் நம் யோசனையின் எல்லை சுருங்கும். ஆகவே சிலவற்றை மனத்தில் நிறுத்திக்கொள்வது கல்விக்கும் அன்றாட வாழ்வுக்கும் இன்றும் தேவை என்பது என் வாதம். தமிழ்நாட்டில் ஓர் ஆசிரியர் இதைச் சொல்வது எளிதல்ல. மனப்பாடம் என்றாலே தேர்வும் நோட்ஸும் பிரம்பும் கண்முன் வரும்படி செய்துவிட்டது எங்கள் தொழில்தான். அதனால் செல்பேசி இருக்கும்போது நினைவு எதற்கு என்று கேட்பவர்களுக்கும், மனப்பாடத்தால்தானே நம் கல்வி கெட்டது என்று கேட்பவர்களுக்கும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் நழுவிவிடுகிறது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதன் பிறகு நழுவும் வேகம் குறைகிறது. இதுதான் அவர் கண்டது. சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது மறதியின் அந்தப் போக்கு பெரிதாக மாறவில்லை. அப்படியானால் நழுவாமல் காப்பது எது? திரும்பத் திரும்பப் படி என்றுதான் எல்லா வீடுகளிலும் சொல்கிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு சிறு பாடப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் படித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளிலும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள்: அவர்கள் 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 விழுக்காடுதான் எஞ்சியிருந்தது. நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61. இதில் என்னை அதிகம் யோசிக்கவைத்த செய்தி இன்னொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை முதல் பிரிவினருக்கே அதிகமாக இருந்தது. பார்த்துப் பழகியதையெல்லாம் தெரிந்துகொண்டதாக மனம் தப்புக் கணக்குப் போடுகிறது. திரையில் நாள் முழுவதும் செய்திகளைத் தள்ளிக்கொண்டே போகும் நமக்கு நிறையத் தெரியும் என்ற நினைப்பு எப்படி வருகிறது என்பதற்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது.

இந்த முடிவைப் படிக்கும் தமிழருக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வர வேண்டும். அங்கே எண்சுவடிதான் கணக்குப் பாடம். முந்திரி என்ற 1/320இல் தொடங்கி, அரைக்காணி, காணி, அரைமா, மா, மாகாணி, அரைக்கால், கால் என்று ஏறும் பின்னங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடாகத் தெரியும். நெல் அளவையைச் சொல்லும் நெல்லிலக்கம், பொன் நிறையைச் சொல்லும் பொன்னிலக்கம், நிலப்பரப்பைக் கணக்கிட உதவும் குழிமாத்து எல்லாம் அப்படியே மனத்தில் ஏறின. களத்து மேட்டில் மரக்கால் மரக்காலாக நெல் அளக்கும்போதும், குத்தகைக் கணக்குப் பார்க்கும்போதும், சந்தையில் விலை பேசும்போதும் அந்தப் பின்னங்கள் அன்றன்று கைகொடுத்தன. இந்தக் கணித மரபை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவு என்பது வெறும் ஒப்பித்தலாக நிற்காமல், கற்கும் முறையாகவே இயங்கியது என்று விரிவாக எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரிகளின் பார்வையும் பதிவாகியிருக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கேட்ட கல்விக் கணக்கெடுப்புக்காகப் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் 1823இல் ஓர் அறிக்கை அனுப்பினார். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதன் சிக்கனத்தையும் அதில் பாராட்டினார். அதே அறிக்கையில், பிள்ளைகள் பழைய இலக்கிய நடையில் அமைந்த செய்யுள்களை ஏராளமாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் தெரிவது பேசப் பழக்கிய கிளிக்குத் தெரியும் அளவுதான் என்றும் குறை சொன்னார். அவர் பாராட்டிய முறையைச் சென்னை எழும்பூரில் இருந்த சிறுவர் காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல் அதற்கு முன்பே கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டிருந்தார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

கேம்ப்பெல் சொன்ன குறை உண்மையான குறை. பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்ட திண்ணையின் கோதண்டமும் பிரம்பும் திரும்பி வரவே கூடாது. ஆனால் ஒன்று அங்கே நாள் தவறாமல் நடந்தது. நேற்றுக் கற்றதைச் சுவடியைப் பார்க்காமல் இன்று சொல்ல வேண்டும், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை அதைக் கேட்பான், தடுமாறினால் எடுத்துக்கொடுப்பான். 2006இல் உளவியலாளர்கள் பயனுண்டு என்று அளந்து காட்டியது இந்த ஒன்றைத்தான். திண்ணையை இடித்தபோது தண்டனையைத் தூக்கி எறிந்தது சரி. தினமும் நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கும் நேரத்தையும் அதனுடன் சேர்த்து எறிந்தோம். அந்த இடத்தில் ஆண்டு முடிவுத் தேர்வை வைத்தோம். ஆண்டுக்கொரு முறை பெரிய பயத்தோடு நினைப்பதும், தினமும் பயமில்லாமல் கொஞ்சம் நினைப்பதும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.

நினைவில் இருப்பது யோசனைக்கு எப்படி உதவுகிறது என்பதைச் சதுரங்க ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டின. நெதர்லாந்தின் அட்ரியான் டி க்ரூட் தொடங்கிவைத்த இந்தச் சோதனைகளை அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் தொடர்ந்து செய்து 1973இல் வெளியிட்டார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, காய்களை அப்படியே திரும்ப வைக்கச் சொன்னார்கள். வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவருக்கு நான்கைந்துதான் நினைவிருந்தன. அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது வல்லுநருக்கும் புதியவருக்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அதாவது வல்லுநரின் நினைவுத்திறன் பிறரைவிடப் பெரிதாக இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டநிலைகள் ஏற்கெனவே அவர் மனத்தில் பதிந்திருந்ததால், பலகையைப் பார்த்ததும் தனித்தனிக் காய்களுக்குப் பதிலாகப் பழகிய தொகுதிகள் அவருக்குத் தெரிந்தன. மனம் ஒரே சமயத்தில் கையாளக்கூடிய செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001இல் சான்றுகளைத் தொகுத்துக் காட்டினார். இந்த நான்கு இடத்தில் எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது தெரியாத பிள்ளை வட்டிக் கணக்கின் நடுவே நின்று பெருக்கலைத் தேடும்போது, கணக்கு எதைக் கேட்டது என்பதையே விட்டுவிடுகிறது. மூன்று சொல்லுக்கு ஒரு சொல் புரியாமல் அகராதியைத் தட்டும் பிள்ளை வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும். பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956இல் கல்வி நோக்கங்களை வகைப்படுத்தியபோது நினைவிலிருக்கும் அறிவை அடித்தளத்தில் வைத்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் அதை முக்கோணப் படமாகப் பார்த்த நாம், அடியில் இருப்பதைத் தாழ்ந்தது என்று எடுத்துக்கொண்டோம். மேலே உள்ளதைத் தாங்குவது அதுதான் என்பதை மறந்துவிட்டோம்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அந்த உரையில் நூற்பெயர் குறிக்காமல் எடுத்தாண்ட மேற்கோள்கள் ஏராளம். எந்த வரி எந்த நூலைச் சேர்ந்தது என்று சொல்ல அன்று எந்தத் தேடுபொறியும் கிடையாது; அந்த நூல்களில் பல அச்சிலேயே வராதவை. வேறொரு பழைய ஏட்டைப் புரட்டும்போது ஒரு வரி கண்ணில் பட்டதும், இது உரையில் வந்த வரி என்று மனம் இனங்கண்டால்தான் உண்டு. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தலபுராணச் செய்யுள்களை எழுத்தில் முன்னேற்பாடு இல்லாமல் மனத்திலேயே அமைத்து, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிக்கொண்டே போவார். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தது சாமிநாதையரின் நினைவு. ஐயர் குறிப்புகள் எழுதிவைத்தார், அகராதிகள் தொகுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழுதிவைப்பதும் நினைவில் வைப்பதும் அவருக்கு எதிரிகளாக இருக்கவில்லை. தேட வேண்டியது எது என்று தெரிந்தவருக்குத்தான் தேடும் கருவி பயன்படும். ஒரு வரியைக் கண்டதும் திடுக்கிட்டு நிற்க, அந்த வரி முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும். இரண்டு செய்திகள் சந்தித்து மூன்றாவது ஒன்று பிறப்பது ஒரே மனத்துக்குள்தான். ஒன்று தலையிலும் மற்றொன்று எங்கோ ஒரு சேமிப்பகத்திலும் இருந்தால் அவை சந்திக்க வழியில்லை.

புதிய கருவி வரும்போதெல்லாம் பெரியவர்கள் இப்படித்தான் பயந்தார்கள், எழுத்து வந்தபோதே பயந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே பிளேட்டோ தம் உரையாடல் ஒன்றில், எழுத்து மனிதரின் நினைவைக் கெடுக்கும் என்று ஓர் எகிப்திய மன்னனைச் சொல்லவைத்தார். அந்தப் பயத்தை நமக்குச் சொன்னதே எழுத்துதான் என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் அஞ்சியதில் ஒரு பாதி நடந்திருக்கிறது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே சமயத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானத்தைச் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலரைப் போன்றவர்கள் இன்று நம்மிடையே மிக அரிது. அதற்கு ஈடாக எழுத்தும் அச்சும் நமக்கு அதைவிடப் பெரிய ஒன்றைத் தந்தன. படிக்கும் உரிமை பலருக்கும் திறந்தது. அந்தப் பரிமாற்றம் நன்மையே. ஆனால் புத்தகமும் செல்பேசியும் மனத்திடம் எதிர்பார்ப்பது ஒன்றல்ல. புத்தகத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க அது எந்தப் பகுதியில் வந்தது என்று நினைக்க வேண்டும், முன்பின் புரட்ட வேண்டும், வழியில் வேறு நாலு பக்கங்களைப் படிக்க வேண்டும். செல்பேசி பாதிக் கேள்வியைத் தட்டும் முன்பே மீதியை நிரப்பி விடையைத் தந்துவிடுகிறது. நினைக்கும் முயற்சிக்கு அது இடமே வைப்பதில்லை. என் குறை இந்த அவசரத்தின் மேல்தான். கருவியின் மேல் இல்லை.

கருவிகள் நினைவை என்ன செய்கின்றன என்பதற்கான சான்றுகளை அளவோடுதான் சொல்ல வேண்டும். கணினியில் சேமிக்கப்படும் என்று நம்பியவர்கள் செய்தியைக் குறைவாகவும், அழிக்கப்படும் என்று நம்பியவர்கள் அதிகமாகவும் நினைவில் வைத்தார்கள் என்று பெட்சி ஸ்பாரோவும் அவர் குழுவினரும் 2011இல் எழுதினார்கள். உலகெங்கும் பேசப்பட்ட கட்டுரை அது. ஆனால் அந்தக் கட்டுரையின் வேறொரு சோதனையை மற்ற ஆய்வாளர்கள் திரும்பச் செய்து 2018இல் வெளியிட்டபோது அதே முடிவு வரவில்லை. அதனால் என் வாதத்தின் பாரத்தை அதன் மேல் ஏற்ற மாட்டேன். லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அதிகப் பயனுடையதாகத் தெரிகிறது. அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எதை நெருக்குவது என்று தேர்ந்தெடுக்கும்போது மனம் வேலை செய்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதே கேமரா, அதே பொருள்; நம் மனம் அதில் ஈடுபட்டதா என்பதே வேறுபாடு. லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. சுமார் 25,000 தெருக்களை மூன்று நான்கு ஆண்டுகள் படித்துத் தேர்வு எழுதித்தான் அவர்கள் உரிமம் பெறுகிறார்கள். இடங்களை நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியின் பின்பாகம் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை எலனோர் மகுவயர் 2000இல் காட்டினார். 2011இல், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து, தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்த மாற்றம் நிகழ்ந்ததை அவர் குழு கண்டது. வளர்ந்தவர்களின் மூளையும் பயிற்சிக்கு ஏற்ப மாறுகிறது. ஐம்பது வயதிலும் தொடங்கலாம் என்று நம்ப இது இடம் தருகிறது.

இனி கடினமான எதிர்ப்புக்கு வருகிறேன். மனப்பாடம்தான் தமிழ்நாட்டுக் கல்வியின் நோய், அதற்கா வக்காலத்து என்று கேட்பவர்களின் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் வினாவுக்குக் கைடில் இருக்கும் விடையைக் கால்புள்ளி உட்பட உருப்போடுவது, முக்கிய வினாக்கள் என்று அச்சடித்துத் தருவதை மட்டும் படிப்பது, பிழையோடு அச்சான வரியைப் பிழையோடு எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புவது, கணக்கையே மனப்பாடம் செய்வது, இவையெல்லாம் நம் வகுப்பறைகளில் நடக்கின்றன. யஷ்பால் குழு 1993இல் தந்த அறிக்கை பிள்ளைகளின் சுமையில் கனமானது புரியாமல் படிப்பதுதான் என்று எச்சரித்தது. 2005இன் தேசியக் கலைத்திட்ட வரைவு, உருப்போடுவதிலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டும் என்பதைத் தன் வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. இரண்டையும் நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் தேர்வுக்கு உருப்போடும் பிள்ளைக்கு நினைவில் என்ன தங்குகிறது என்று பாருங்கள். ஜூன் மாதம் கேட்டால் ஏப்ரலில் எழுதியது இல்லை. பொருள் தெரியாமல், ஒரே நாளை மனத்தில் வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்து ஏற்றியது. அந்த நாள் கழிந்ததும் இறங்கிவிட்டது. எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைக் கொண்டு அளந்த மறதிதான் இங்கே பொருளுள்ள பாடங்களுக்கு நேர்கிறது. பொருளை நாம் கொடுக்காததே காரணம். ஆக, நம் பள்ளிகளில் நினைவு அதிகமாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு பொருந்தாது. பன்னிரண்டு ஆண்டு படித்து வெளியே வரும் மாணவருக்குப் பிடித்த பத்துப் பாடல்கள் மனத்தில் இல்லை, தம் ஊர் ஆற்றின் வழி தெரியாது, விழுக்காட்டுக் கணக்கு வாய்வழியாக வராது. இந்த வெறுமையைக் கண்டுதான் நான் வருந்துகிறேன்.

நினைவை உயர்த்திப் பேசுவது பழைய அதிகாரத்தை உயர்த்துவதாகாதா என்ற கேள்வியும் எழும். கேள்வி கேட்காமல் ஒப்பித்தவர்களை மதித்த மரபு இங்கே இருந்தது. நினைவில் காத்த நூல்களைச் சாதியின் பெயரால் பிறருக்கு மறைத்த மரபும் இருந்தது. திண்ணைக்கு வெளியே பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் பெரும்பாலும் நிறுத்தப்பட்டார்கள். இதை மறைத்துப் பழம்பெருமை பேசுவது எனக்கு உடன்பாடல்ல. அதே சமயம், ஏடும் எழுத்தாணியும் மறுக்கப்பட்டவர்களிடம் இருந்த ஒரே நூலகம் நினைவுதான். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் விடுகதையும் கதைப்பாடலும் எழுதப் படிக்க இடமில்லாத பெண்களின், உழைப்பாளிகளின் மனங்களில்தான் வாழ்ந்தன. நா. வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தபோது அச்சுக்கு வந்தவை அந்த நினைவிலிருந்து வந்தவை. இன்றைக்கும் மனத்தில் இருப்பதை யாராலும் பறிமுதல் செய்ய முடியாது, சந்தா கட்டச் சொல்ல முடியாது, நடுவில் விளம்பரம் போட முடியாது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல நினைவு ஆடம்பரம் ஆகாது. அந்தப் பிள்ளை வேறு யாரையும் எதிர்பார்க்காமல் சேர்த்துக்கொள்ளக்கூடிய சொத்து அது.

ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நினைவுத்திறன் ஒன்றுபோல் இராது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஒப்பிக்கச் சொல்வதே தண்டனையாகிவிடும். அதனால் நினைவை மதிப்பெண்ணாலும் பரிசாலும் அளப்பதில் எனக்கு விருப்பமில்லை.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த விவகாரம் இன்னும் அவசரமாகியிருக்கிறது. தேடுபொறி பத்து இணைப்புகளைக் காட்டி, தேர்ந்தெடுக்கும் வேலையையாவது நமக்கு வைத்தது. இந்தப் புதிய கருவிகள் கோவையான நடையில், தயக்கமில்லாத குரலில் ஒரே விடையைத் தருகின்றன. அந்த விடை தவறாக இருந்தாலும் குரல் மாறுவதில்லை. இல்லாத நூலை இருப்பதாகவும், ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகவும் அவை எழுதித் தருவதுண்டு. அதைச் சரிபார்க்க இன்னொரு கருவியைக் கேட்கலாம். ஆனால் சரிபார்க்க வேண்டும் என்ற சந்தேகம் முதலில் எழ வேண்டுமே, அது எங்கிருந்து எழும்? நமக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு செய்தியோடு இந்த விடை முட்டும்போதுதான் எழும். உள்ளே ஒன்றுமில்லாதவருக்கு எல்லா விடையும் சரியாகத்தான் தெரியும். நாளைய குடிமக்கள் பொய்ச் செய்தியை நம்பாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்கு ஐயப்படும் மனப்பான்மை மட்டும் போதாது, ஐயத்துக்கு ஆதாரமாகக் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் அறிவியலும் கைவசம் இருக்க வேண்டும்.

எதை மனத்தில் வைப்பது என்று கேட்டால், பட்டியல் சிறியதாகவே இருக்கட்டும். உலகத் தலைநகரங்களும் மன்னர்களின் ஆட்சி ஆண்டுகளும் வேண்டாம், அவற்றைத் தேடிக்கொள்ளலாம். ஆண்டுகளின் முன்பின் வரிசை தெரிந்தால் போதும். வாய்ப்பாடு வேண்டும், ஏனென்றால் அது தினமும் எல்லாக் கணக்கின் நடுவிலும் வருகிறது. ஆபத்து நேரத்தில் அழைக்கக் குடும்பத்தில் இருவர் எண்களாவது வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வழி வேண்டும். பிள்ளை தானே விரும்பித் தேர்ந்த பாடல்கள், குறள்கள், ஏதேனும் ஒரு நல்ல உரைநடைப் பத்தி வேண்டும். அவை எந்தத் தேர்வுக்கும் உரியவையாக இருக்கக் கூடாது. பொருளைப் பேசிப் புரிந்துகொண்ட பிறகே மனத்தில் ஏற வேண்டும். தாத்தா பாட்டியின் ஊரும் தொழிலும், அவர்கள் எந்தப் பஞ்சத்திலோ வெள்ளத்திலோ இடம்பெயர்ந்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவை எந்தத் தேடுபொறியிலும் கிடைக்காதவை.

சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை வகுப்பில் புதிய தலைப்பைக் கரும்பலகையில் எழுதும் முன், நேற்று நடத்திய பாடத்தைப் புத்தகம் மூடியிருக்க ஐந்து நிமிடம் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், சிவப்பு மை தொடாதீர்கள். அவர்களே புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளட்டும். பெற்றோர்களே, பிள்ளை ஏதேனும் கேட்கும்போது செல்பேசியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் இருவரும் சேர்ந்து யோசியுங்கள். தவறாகச் சொன்னாலும் சொல்லிப் பாருங்கள், பிறகு தேடுங்கள். உங்கள் எண் உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியுமா என்று இன்று இரவே கேளுங்கள். தெரியாவிட்டால், தூங்கும் முன் கற்றுக்கொடுங்கள். நாளைக் காலையில் ஒருமுறை பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள்.